பல் டாக்டர் கையில் இருக்கும் பேனா: அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

போன ஆடி மாதம் கடலூர் முதுநகரிலிருந்து சித்தி போன் செய்தார். இரண்டு கடைவாய்ப் பல்லுக்கு நடுவே சாப்பாடு மாட்டிக்கொண்டே இருக்கிறது என்று பல் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். டாக்டர் பேனா மாதிரி ஒன்றை வாய்க்குள் விட்டுப் பல்லைத் திரையில் காட்டியிருக்கிறார். பிறகு “ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்மா” என்றாராம்.

“இப்பதான் ஸ்கேன் எடுத்தாங்க, எல்லாம் பெருசா தெரிஞ்சுது. மறுபடியும் எக்ஸ்ரே எதுக்குடா? வேணாம்னு எழுந்து வந்துட்டேன்.”

நான் வேலை அவசரத்தில் “சரி சித்தி” என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, ராத்திரி இரண்டு மணிக்குத் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில், பல்லின் பக்கவாட்டில் தொடங்கிய சொத்தை நரம்பு வரை போயிருந்தது. வேர் சிகிச்சை செய்துதான் பல்லைக் காப்பாற்ற முடிந்தது.

சித்தி “ஸ்கேன்” என்று சொன்னது ஸ்கேன் அல்ல, சின்ன கேமரா. எனக்கு அது தெரியும். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, புதுச்சேரி என்று கிளினிக் கிளினிக்காகப் போய் இந்தக் கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. அன்றைக்கே ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருந்தால் அந்த ராத்திரி வந்திருக்காது. அந்த ஐந்து நிமிடப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பேனா போலக் கையில் பிடித்து, வெளிச்சத்தால் உடம்பைப் பார்க்கும் கருவிகள் பல வகை. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பெயர் “ஸ்கேன்”தான். உள்ளே நடப்பது மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வேலை.

டார்ச்சை விரல் நுனியில் வைத்துப் பாருங்கள்

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை விரல் நுனியில் அழுத்திப் பிடியுங்கள். விரல் சிவப்பாக ஜொலிக்கும். வெள்ளை வெளிச்சம்தானே உள்ளே போனது? அதில் இருந்த நீலத்தையும் பச்சையையும் ரத்தம் உறிஞ்சிக்கொள்கிறது. சிவப்பு மிச்சப்பட்டு வெளியே வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விரல் முழுக்க ஜொலித்தாலும் உள்ளே இருக்கும் எலும்பு தெரியாது. மார்கழிப் பனியில் லாரி வரும்போது ஹெட்லைட் வெளிச்சம் தெரியும், லாரியின் உருவம் தெரியாது, அது போலத்தான். வெளிச்சம் நேராக வராமல், வழியில் உள்ள துகள்களில் மோதி மோதித் திசை மாறி வருகிறது. இதற்குப் பெயர் சிதறல். எக்ஸ்ரே ஏறத்தாழ நேராக ஊடுருவிப் போகும். போகும் வழியில் எலும்பும் பல்லும் அதை அதிகம் தடுப்பதால் அவற்றின் நிழல் படமாக விழுகிறது. வெளிச்சத்துக்கு அந்தப் பலம் இல்லை.

ஆக, வெளிச்சம் உடம்பில் பட்டால் திரும்பலாம், உறிஞ்சப்படலாம், சிதறலாம், கொஞ்சம் ஊடுருவலாம். ஒவ்வொரு கருவியும் இதில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது. கருவி எதைப் பிடிக்கிறது என்று தெரிந்தால், அது எதைக் காட்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வெறும் கேமரா

சித்தி வாயில் போனது இதுதான். நுனியில் சின்ன எல்இடி விளக்குகள், ஒரு லென்ஸ், அதன் பின்னால் உளுந்து அளவில் ஒரு கேமரா சிப். உங்கள் போன் கேமராவில் இருப்பதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை மட்டும்தான் படம் பிடிக்கும். நம் கண் பார்ப்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. கண் போக முடியாத இடத்துக்குப் போய், பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

அந்தப் பெரிதாக்கல்தான் ஆளைப் பயமுறுத்துகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைவாய்ப் பல் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம். 50 சென்டிமீட்டர் அகலத் திரையை அது நிறைத்தால் 50 மடங்கு. ஒரு மில்லிமீட்டர் குழி திரையில் 5 சென்டிமீட்டர் ஆகிவிடும், எலுமிச்சம்பழம் அளவுக்கு. அதைப் பார்த்தால் யாருக்குமே வயிறு கலங்கும். பல்லின் மேல் உள்ள பள்ளங்களில் காபி, வெற்றிலைக் கறை தங்கியிருந்தாலும் அதே மாதிரி கன்னங்கரேலென்று தெரியும். கறுப்பாக இருப்பதெல்லாம் சொத்தை இல்லை.

கேமராவுக்கே கோளாறு வந்தாலும் பல்தான் கெட்ட பெயர் வாங்கும். ஒரு முறை புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில், எந்தப் பேஷன்ட்டுக்கு எடுத்தாலும் பல்லில் குறுக்கே மெல்லிய விரிசல் தெரிகிறது என்றார்கள். கேமராவை மெல்ல இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தேன். பல் நகர்ந்தது, விரிசல் திரையில் அதே இடத்தில் நின்றது. பல்லில் விரிசல் இல்லை, நுனியில் இருந்த கண்ணாடியில் கீறல். இன்னொரு இடத்தில் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல் இருந்தது. கேமராவுக்கு மேல் போடும் பிளாஸ்டிக் உறையை, ஸ்லீவ் என்பார்கள், இரண்டாகப் போட்டிருந்தார்கள்; நடுவில் ஒரு துளி தண்ணீர். (அந்த ஸ்லீவை ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் மாற்ற வேண்டும். மாற்றினீர்களா என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.) ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த லென்ஸ் வாய்க்குள் போனதும் மூடிக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு இட்லிப் பானையைத் திறப்பவர்களுக்கு அது தெரியும்.

உடம்புக்குள் பார்க்க வேண்டும் என்ற ஆசை பழையது. ஜெர்மனியில் பிலிப் போஸினி என்ற மருத்துவர் 1806 வாக்கிலேயே மெழுகுவர்த்தியையும் கண்ணாடியையும் குழாயையும் சேர்த்து ஒரு கருவி செய்தார். வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோவதும் படத்தை வெளியே கொண்டுவருவதும்தான் அன்றைக்குப் பெரிய பாடு. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய பேராசிரியர் ஹாப்கின்ஸும், 1954-இல் மயிரிழை போன்ற கண்ணாடி நார்களைக் கட்டாகக் கட்டி அதன் வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டினார்கள். இன்று விளக்கும் சிப்பும் நுனியிலேயே உட்கார்ந்துவிட்டன. படம் வயர் வழியாக வருகிறது.

சித்தியின் சொத்தை ஏன் இதில் தெரியவில்லை? புதுச்சேரியில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தெருவில் நின்று எவ்வளவு பெரிய லென்ஸில் பார்த்தாலும் முகப்பு தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் அரித்திருப்பது தெரியாது. கடைவாய்ப் பற்கள் ஒட்டி நிற்கும் இடமும் அப்படித்தான்.

சுருக்கமாக: கேமரா மேற்பரப்பைப் பெரிதாக்கும். உள்ளே போகாது, இடுக்கில் நுழையாது.

ஈர வேட்டியும் வெள்ளைத் திட்டும்

கருவி என்று சொல்ல முடியாத ஒரு சின்ன வேலை இருக்கிறது. எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க அலுப்பதில்லை. டாக்டர் பல்லின் மேல் சில விநாடி காற்றடிப்பார். அதுவரை ஒன்றும் இல்லாத இடத்தில், சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளைத் திட்டு மெல்ல எழும்பும். எச்சில் பட்டதும் மறைந்துவிடும்.

வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பது தெரிகிறதே, அதே விஷயம். காய்ந்த துணியில் நூலுக்கு நடுவே காற்று இருக்கிறது. வெளிச்சம் நூலிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து நூலுக்கு என்று மாறும் ஒவ்வொரு இடத்திலும் சிதறுகிறது. அதனால்தான் துணி வெள்ளையாக இருக்கிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிரம்பினால் சிதறல் குறையும். ஒரு பொருள் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கிறது என்பதற்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, பல்லின் மேல் ஓடான எனாமலுக்குச் சுமார் 1.62. இரண்டு எண்களுக்கு நடுவில் இடைவெளி குறையக் குறையச் சிதறலும் குறையும்.

சொத்தையின் முதல் கட்டத்தில் குழி விழாது. அமிலம் எனாமலின் மேல்தோலுக்குக் கீழே உள்ள தாதுவைக் கரைத்து, நுண்ணிய துளைகளை உண்டாக்கும். துளையில் எச்சில் இருந்தால் வித்தியாசம் தெரியாது. காய்ந்து காற்று நிரம்பினால் வெள்ளையாகத் தெரியும். ஈரமாக இருக்கும்போதே வெள்ளை தெரிந்தால் பாதிப்பு இன்னும் ஆழம். மேற்பரப்பு உடையாத வரை, ஃப்ளோரைடும் ஒழுங்கான பல் துலக்கலும் அந்த இடத்தை மறுபடி இறுகச் செய்ய முடியும். டிரில் தேவையில்லாத கட்டம் இது. அதனால்தான் சீக்கிரம் பார்ப்பதற்கு இவ்வளவு மதிப்பு.

வடிவத்தை அளப்பது

உண்மையில் ஸ்கேனர் என்று பெயர் வைத்த கருவி இதுதான். பல் செட்டுக்கும் பல்லுக்கு மேல் போடும் கேப்புக்கும் முன்பு வாய் நிறைய மாவு போல ஒன்றை வைத்து அச்சு எடுப்பார்கள், குமட்டிக்கொண்டு வரும். அதற்குப் பதிலாக இப்போது தடியான ஒரு பேனாவைப் பல் வரிசை மேல் ஓட்டுகிறார்கள்.

சாயங்கால வெயிலில் ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் நேர்க்கோடாக விழும். அங்கே ஒரு குடத்தை வையுங்கள், கோடு குடத்தின் மேல் ஏறி வளையும். எவ்வளவு வளைந்தது என்பதை வைத்தே குடம் எவ்வளவு புடைத்திருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். பல வகை ஸ்கேனர்கள் இப்படித்தான் பல்லின் மேல் வெளிச்சக் கோடுகளைப் போட்டு, பக்கத்தில் உள்ள கேமராவால் அந்த வளைவை அளக்கின்றன. வேறு வழிகளில் அளக்கும் ஸ்கேனர்களும் உண்டு. எடுத்த துண்டுப் படங்களை எல்லாம் கம்ப்யூட்டர் ஒட்டுப்போட்டு, சுற்றிச் சுற்றிப் பார்க்கக்கூடிய பல் வரிசையாக்கித் தரும்.

வெளிச்சத்தால் அச்சு எடுக்கும் யோசனையை பிரான்ஸில் பிரான்சுவா துரே 1973-இல் தன் ஆய்வேட்டில் எழுதினார். 1985-இல் சூரிச்சில் மோர்மன் என்ற பல் மருத்துவர், பிராண்டஸ்டினி என்ற பொறியாளருடன் சேர்ந்து உருவாக்கிய கருவியால், அளவெடுத்து அங்கேயே கடைந்த துண்டை நோயாளியின் பல்லில் பொருத்தினார்.

தையல்காரர் டேப் வைத்து அளக்கிறாரே, அந்த வேலைதான் இது. சட்டை பொருந்தும், நெஞ்சில் சளி இருக்கிறதா என்று டேப் சொல்லாது.

தானே மின்னும் சொத்தை

பாங்க்கில் நோட்டை புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் எண்களும் சின்னச் சின்ன இழைகளும் மின்னும். ஒரு நிற வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு வேறு நிற வெளிச்சத்தைத் தருவதற்கு உடனொளிர்தல் என்று பெயர். பல்லும் மின்னும். சுமார் 405 நானோமீட்டர் ஊதா வெளிச்சத்தில் நல்ல எனாமல் பச்சையாகத் தெரியும். சொத்தையிலும் பழைய அழுக்கிலும் குடியிருக்கும் பாக்டீரியா போர்ஃபிரின் என்ற பொருளை விட்டுவைக்கும். அது சிவப்பாக மின்னும். (நானோமீட்டர் என்பது வெளிச்சத்தின் நிறத்தை எண்ணால் சொல்லும் அளவு, எண் ஏற ஏற ஊதாவிலிருந்து சிவப்புப் பக்கம் போகிறோம்.)

655 நானோமீட்டர் சிவப்பு லேசரைப் பாய்ச்சி, திரும்பும் மினுமினுப்பை 0 முதல் 99 வரை எண்ணாகக் காட்டும் பேனாவும் உண்டு. அந்த எண்ணைச் சுகர் ரிப்போர்ட் மாதிரி படிக்கக் கூடாது. பல்லில் காரை இருந்தாலும், கறை இருந்தாலும், பல் பாலிஷ் செய்த பேஸ்ட் ஒட்டியிருந்தாலும் எண் ஏறும். சுத்தம் செய்துவிட்டு எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

முட்டையை விளக்கில் பார்ப்பது போல

கோழிப் பண்ணைக்காரர்கள் முட்டையை விளக்குக்கு எதிரே பிடித்து உள்ளே கரு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பல்லையும் அப்படிப் பார்க்கலாம், ஆனால் சாதாரண வெளிச்சம் எனாமலில் சிதறிவிடுகிறது.

இதற்கு வழி என்ன என்பதைத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் விடியற்காலையில் நின்றால் பார்க்கலாம். கடலிலிருந்து எழும்பும் சூரியன் சிவப்பாக இருக்கிறது. காற்றில் நீளமான வழியைக் கடந்து வரும்போது நீலம் அதிகம் சிதறி ஓடிவிட, சிவப்பு தப்பித்து வருகிறது. சிவப்பையும் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு. அது இன்னும் குறைவாகச் சிதறும். சாதாரண வெளிச்சத்துக்குப் பால் போல நிற்கும் எனாமல், இதற்கு ஓரளவு கண்ணாடி போல ஆகிவிடுகிறது. பல்லின் இரண்டு பக்கமிருந்தும் இந்த வெளிச்சத்தைக் கொடுத்து மேலிருந்து படம் எடுத்தால் நல்ல எனாமல் வெளிச்சமாகவும், துளைபட்ட இடம் இருட்டாகவும் தெரியும். பற்கள் ஒட்டி நிற்கும் அந்தச் சந்திலும் பார்க்க முடிகிறது என்பதுதான் இதன் பெருமை.

ஒரு எச்சரிக்கை. சில கருவிகள் ஊடுருவிய வெளிச்சத்தைப் பிடிக்காமல், திரும்பி வரும் அகச்சிவப்பைப் பிடிக்கும். அதில் எல்லாம் தலைகீழ்: நல்ல எனாமல் இருட்டு, சொத்தை வெளிச்சம். எந்த வகை என்று தெரியாமல் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி “கறுப்பா இருக்கே, என்ன?” என்று கேட்பதில் பயன் இல்லை. சொத்தை நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறது, வேர் நுனியில் சீழ் இருக்கிறதா என்பதையும் இது சொல்லாது. அங்கே எக்ஸ்ரேதான்.

இதுவரை: கேமரா மேற்பரப்பைப் பார்க்கிறது, ஸ்கேனர் வடிவத்தை அளக்கிறது, மின்னும் பேனா பாக்டீரியாவின் தடயத்தைப் பிடிக்கிறது, அகச்சிவப்பு எனாமலுக்குள் ஊடுருவுகிறது. இனி மிச்சம் இருப்பது எதிரொலி.

வெளிச்சத்தின் எதிரொலி

கடலூர் விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் இருக்கும். கீழே ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து ஆழம் சொல்லும். கடல் நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 15 மீட்டர் ஆழம் என்றால் போய் வர 30 மீட்டர், ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. மீன் கூட்டம் நடுவில் இருந்தால் அதிலிருந்து எதிரொலி முன்னாலேயே வரும். வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் இதே தத்துவம்தான்.

ஒலிக்குப் பதில் வெளிச்சத்தை அனுப்பினால்? அதுதான் ஓசிடி. கண்ணில் சர்க்கரை பாதித்திருக்கிறதா என்று பார்க்கப் போனவர்கள் பலர், தாடையை வைத்துக்கொண்டு ஒரு புள்ளியை உற்றுப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் இதுதான். 1991-இல் அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இதை வெளியிட்டது.

சிக்கல் எங்கே என்றால், வெளிச்சம் விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிறது. பல்லில் அரை மில்லிமீட்டர் ஆழத்தில் ஒன்று இருந்தால், அதன் எதிரொலி வரும் தாமதத்தை எந்தக் கடிகாரத்தாலும் நேரடியாக அளக்க முடியாது. அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு வேறு தந்திரம் செய்தார்கள்.

பத்து ரூபாய் நோட்டை இரண்டாகக் கிழித்து ஆளுக்கு ஒரு பாதி கொடுத்தால், கிழிந்த விளிம்பு தன் ஜோடியோடு மட்டும்தான் பொருந்தும். ஓசிடியில் வெளிச்சத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதி, தூரம் தெரிந்த ஒரு கண்ணாடிக்குப் போய்த் திரும்புகிறது. இன்னொரு பாதி பல்லுக்குள் போய்த் திரும்புகிறது. இரண்டும் ஒரே தூரம் போய் வந்திருந்தால் மட்டும் அலைக்கு அலை பொருந்தி, கூடியும் குறைந்தும் ஒரு அடையாளம் தரும். இதற்குக் குறுக்கீட்டு விளைவு என்று பெயர். தூரம் கொஞ்சம் மாறினாலும் விளிம்பு பொருந்தாது. கண்ணாடியின் தூரம் நமக்குத் தெரியும் என்பதால், பொருந்திய எதிரொலி பல்லில் எந்த ஆழத்திலிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும். இன்றைய கருவிகள் கண்ணாடியை நகர்த்தாமலே எல்லா ஆழத்தையும் ஒரே வீச்சில் கணக்கிடுகின்றன, அடிப்படை மாறவில்லை.

இதனால் கிடைக்கும் நுணுக்கம் சுமார் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அல்ட்ராசவுண்டை விடப் பல மடங்கு கூர்மை. ஆனால் ஆழம்? ஈறு, தோல் போன்ற சதையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் சிதறல் விழுங்கிவிடும். கண்ணில் மட்டும் விழித்திரை வரை போக முடிவது, வழியில் இருப்பதெல்லாம் தெளிவான கண்ணாடி போன்ற பகுதி என்பதால். பல்லுக்கான கைப்பிடிக் கருவிகள் ஆராய்ச்சியில் நன்றாக வளர்ந்திருக்கின்றன. நான் போகும் கிளினிக் எதிலும் ஒன்றைத் தொட்டுப் பழுது பார்க்கும் வாய்ப்பு இன்னும் வரவில்லை.

காதும் தோலும்

தோல் டாக்டர் மச்சத்தின் மேல் வைத்துப் பார்க்கும் சின்னக் கருவி டெர்மாஸ்கோப். சுமார் 10 மடங்கு பெரிதாக்கும். பலவற்றில் மேல்தோலின் பளபளப்பை வடிகட்டும் கண்ணாடி இருக்கும். கடற்கரையில் போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டால் தண்ணீரின் மேல் மினுக்கு அடங்கிக் கீழே உள்ளது தெரிகிறதே, அதே வேலை.

காது கேமராவைப் பற்றிக் கவலையோடு சொல்கிறேன். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கி, நுனியில் கரண்டி மாட்டி, போனைப் பார்த்துக்கொண்டே குழந்தையின் காதில் விடுகிறார்கள். பெரியவர்களுக்கே காது வாசலிலிருந்து செவிப்பறை வரை சுமார் 25 மில்லிமீட்டர்தான். குழந்தைக்கு இன்னும் குறைவு. படத்தில் ஆழம் தெரியாது, தட்டையாகத்தான் தெரியும். குழந்தை தலையைத் திருப்ப ஒரு நொடி போதும். அழுக்கு பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும். தயவுசெய்து கரண்டியைக் கழற்றிப் போடுங்கள்.

அப்புறம் அந்த எக்ஸ்ரே

மேலே சொன்ன எந்த வெளிச்சத்துக்கும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி கிடையாது. எக்ஸ்ரேக்கு உண்டு. அதற்கு அயனியாக்கம் என்று பெயர். “ரேடியேஷன்” என்று நாம் பயப்படுவது அதைத்தான். ஆனால் ஒரு பல்லுக்கு எடுக்கும் டிஜிட்டல் எக்ஸ்ரே, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு ஏறத்தாழ ஒரு நாளில் இயல்பாகக் கிடைக்கும் அளவுதான். கிளினிக்கில் இதை “ஆர்விஜி” என்பார்கள். வயரோடு ஒரு தகட்டை வாய்க்குள் வைப்பதால் இதையும் கேமரா என்று நினைப்பவர்கள் உண்டு. தகடு வெறுமனே வாங்கிக்கொள்கிறது. எக்ஸ்ரே கன்னத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. கர்ப்பமாக இருந்தால் எடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும்.

இந்த வருஷம் சித்தியைப் புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அதே பக்கத்தில் இன்னொரு இடத்திலும் சாப்பாடு மாட்டுகிறது என்றார். டாக்டர் கருவியை எடுத்ததும் சித்தி கையை நீட்டித் தடுத்தார்.

“டாக்டர், இது மேல மட்டும் பாக்குறதா, வெளிச்சம் உள்ள போய் வர்றதா?”

டாக்டர் கருவியைத் திருப்பி, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த கால்களைக் காட்டினார். “உள்ள போறதும்மா. ரெண்டு பக்கமும் வெளிச்சம் விடும், மேலேர்ந்து பார்க்கும்.” பல் மேல் வைத்ததும் திரையில் சாம்பல் நிறத்தில் பல் தெரிந்தது. பக்கத்துப் பல்லோடு ஒட்டும் இடத்தில் ஒரு இருட்டு முக்கோணம், அதன் முனை எனாமலுக்குள்ளேயே நின்றிருந்தது.

“அப்ப எக்ஸ்ரே?” என்றார் சித்தி.

“போன தடவை எடுத்தது இருக்கே, அதுலயும் இந்தப் பல் விழுந்திருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பார்த்துட்டேன். இப்ப டிரில் வேண்டாம். ஃப்ளோரைடு வைக்கிறேன், தினம் ராத்திரி பல் இடுக்குல ஃப்ளாஸ் நூல் போடுங்க, ஆறு மாசம் கழிச்சு இதே இடத்தைத் திரும்ப எடுப்போம்.”

சித்தி அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் கடலூர் வரும் வரை அதை மடிக்காமல் பையின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். பின்பக்கம் பேனாவால் தேதியும், “உள்ள போற வெளிச்சம், கறுப்பு தான் சொத்தை” என்றும் எழுதியிருந்தார்.